உப்பு எங்கே போகிறது

பதினெட்டாம் நாள் காலை உப்பு முப்பத்திமூன்றுக்கு இறங்கியிருந்தது.

கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு துளி விட்டேன். தடித்த பேனா அளவுக்கு ஒரு குழாய் அது. ஒரு முனையில் கண்ணாடி இருக்கும். அதன்மேல் ஒரு துளி தண்ணீரை விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மறுமுனையில் கண்ணை வைத்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு உப்பு என்று தெரியும். மறுபடியும் முப்பத்திமூன்று. பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். பூஜ்யம். கருவியில் கோளாறு இல்லை.

நோட்டில் 33 என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். மூன்று பெருக்கல் குறி விழுந்தால் எனக்கு அந்த வேலை இல்லை.

வேலை, கடல்வாழ் அழகுமீன்களை வளர்த்து விற்கும் ஒரு பண்ணையில். அதற்கு முன் நான்கு நேர்காணல்களுக்குப் போயிருக்கிறேன். வேதியியல் படித்தவள், விடைகள் தெரியும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் இருந்தால் விடை தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விடும். பண்ணையிலும் அப்படித்தான் ஆயிற்று. மேலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"வாயைப் பூட்டிட்டு சாவிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

நான் சிரிக்க முயன்றேன்.

"வீட்ல மீன் தொட்டி இருக்கா?"

தலையாட்டினேன்.

"நல்ல தண்ணியா?"

ஆட்டினேன்.

"அதை உப்புத் தண்ணியா மாத்துங்க. நாற்பத்தஞ்சு நாள். மீன் போட வேண்டாம். தினமும் காலைல உப்பு பார்த்து எழுதுங்க. முப்பத்திமூணுக்கு இறங்கக் கூடாது, முப்பத்தாறுக்கு மேல ஏறக் கூடாது. மூணு நாள் தப்பாச்சுன்னா நோட்டைத் தூக்கிட்டு வர வேண்டாம். நம்பரை மாத்தி எழுதினா எனக்குத் தெரிஞ்சுடும். எனக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாது. முதல்லயே சொல்லிடறேன்."

வீட்டில் இதைச் சொல்லவில்லை. நான்கு முறை சொல்லி, நான்கு முறையும் "பரவால்ல விடு" கேட்டாகிவிட்டது. தொட்டியை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான் என்று சொல்லி வைத்தேன். பகலில் வழக்கம்போல ஸ்கேன் எடுக்கும் நிலையத்துக்குப் போய் அறிக்கைகளைத் தட்டச்சு செய்தேன். 'சந்தேகப்படும்படி ஒன்றும் காணப்படவில்லை' என்ற வரியை ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது அடிப்பேன்.

தொட்டி ஹாலில், டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டடி நீளம், ஐம்பது லிட்டர் பிடிக்கும். குட்டி போடும் சின்ன மீன்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. அவற்றை விற்ற கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். செடிகளைப் பிடுங்கி, கூழாங்கல்லை அள்ளிக் கொட்டி, தொட்டியை வினிகர் போட்டுத் தேய்த்துக் காயவைத்தேன். வெள்ளை மணல் பரப்பினேன். முதலில் தெரியாத்தனமாக உப்பைத் தொட்டிக்குள்ளேயே கொட்டிவிட்டேன். பால் கரைத்த மாதிரி ஆகி இரண்டு நாள் எதிர்ச்சுவர் தெரியவில்லை. எல்லாவற்றையும் இறைத்துவிட்டு, இதற்கென்றே ஒரு நீல வாளி வாங்கி, அதில் கலக்கித் தெளிந்தபின் ஊற்றினேன். அந்த நாளைத்தான் முதல் நாள் என்று எழுதினேன். வாளியில் சோப்புக் கை பட்டுவிடக் கூடாது என்று 'யாரும் தொடக்கூடாது' என அட்டையில் எழுதி ஒட்டினேன்.

அப்பா ஓய்வு பெற்ற தபால்காரர். எழுத்து எங்கே இருந்தாலும் நின்று படிப்பார். அட்டையைப் படித்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தார்.

"உயிரோட இருந்ததை எல்லாம் குடுத்துட்டு மணலுக்கு லைட் போட்டு வெச்சிருக்கியா?"

"மீன் அப்புறம் வரும்ப்பா."

"எப்ப?"

"அப்புறம்."

"சரி. அதுவரைக்கும் மணல் நீந்துதான்னு பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

ஆறாம் நாள் கல் வந்தது. லைவ் ராக் என்பார்கள். துளையும் பாசியுமாகக் கடலில் கிடந்த கல். அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யும். பன்னிரண்டாம் நாள் அதன் துளை ஒன்றிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு, காலெல்லாம் மயிர். படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். 'மீனைத் தின்னும். உடனே தூக்குங்க' என்று பதில் வந்தது. குச்சியால் நெம்பிக் கிண்ணத்தில் பிடித்துவிட்டேன். அதற்குமேல் கை வரவில்லை. வேலைக்கும் நேரமாகிவிட்டது.

"அண்ணி, இதுமேல கொஞ்சம் வெந்நீ ஊத்தித் தூக்கிப் போட்டுடறீங்களா?"

அண்ணி கிண்ணத்துக்குள் பார்த்தார். "சரி" என்றார். அவர் இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதுவரை நான் அவரிடம் பேசியதில் அதுதான் நீளமான வாக்கியம்.

இவ்வளவும் பதினெட்டாம் நாளுக்கு முந்தைய கதை.

உப்பு ஆவியாகாது. தண்ணீர் மட்டும்தான் காற்றில் போகும். அதனால் தொட்டியைச் சும்மா விட்டால் எண் ஏறத்தான் செய்யும். ஏறாமல் இருக்கத்தான் தினமும் காலையில், ஆவியாகிக் குறைந்த அளவுக்குச் சுத்தத் தண்ணீர் ஊற்றுவது. என் தொட்டியில் எண் இறங்கியது. முதலில் உப்புப் பாக்கெட்டைச் சந்தேகப்பட்டேன். புதிய பாக்கெட்டைப் பிரித்துக் கலக்கி ஊற்றி முப்பத்தைந்துக்கு ஏற்றினேன். இருபத்துநான்காம் நாள் மறுபடியும் முப்பத்திமூன்று. இரண்டாவது பெருக்கல் குறி.

அன்று மாலை கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரைத் தெருவில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர்ப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே மீனின் நோயைச் சொல்லிவிடுவார்.

"உப்புல கலப்படம் இருக்குமா?" என்று கேட்டேன். இதைக் கேட்பதற்குப் பேருந்தில் இரண்டு நிறுத்தங்கள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"என் உப்பையா?" கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "ஏம்மா, முதல் நாள் முப்பத்தஞ்சு காட்டிச்சா இல்லையா?"

"காட்டிச்சு."

"அப்ப உப்பு நல்ல உப்பு. அதுக்கென்ன காலா இருக்கு, எந்திரிச்சுப் போக? தொட்டி ஒழுகுதா?"

"இல்ல."

"ஒழுகல, ஆனா குறையுது. அப்ப யாரோ உப்புத் தண்ணிய மொண்டுட்டு நல்ல தண்ணிய ஊத்தறாங்க. வீட்ல யார் யாரு?"

"அப்பா, அண்ணன், அண்ணி."

"மூணே பேர். போலீசுக்கே இவ்வளவு லேசா ஒரு கேஸ் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரின் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியின் ஓரத்தில் காகித நாடா ஒட்டி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கோடைக் காலம், மின்விசிறி வேறு ஓடும். காலையிலிருந்து மாலைக்குள் இரண்டு மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். மறுநாள் மாலை வந்து குனிந்து பார்த்தேன். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அதற்கு அடுத்த நாளும். எங்கள் வீட்டில் மட்டும் தண்ணீர் ஆவியாவதை நிறுத்தியிருந்தது.

அதன்பின் ஒவ்வொருவரையும் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்பாவுக்குக் காரணம் இருந்தது. மீன்களைத் திருப்பிக் கொடுத்ததை அவர் மன்னிக்கவில்லை. தொட்டி கெட்டுப்போனால் பழைய மீன்கள் திரும்பும். ஒரு நாள் அவர் சட்டைக் கை நனைந்திருந்தது. முகம் கழுவினேன் என்றார். முகம் காய்ந்திருந்தது.

அண்ணனுக்கும் காரணம் இருந்தது. அவன் அச்சகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து மூன்று மணிவரை தூங்குவான். தொட்டி மோட்டார் காதுக்குள் கொசு புகுந்த மாதிரி இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறான்.

அண்ணி ஒன்றும் சொன்னதில்லை. அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது. அவர் தன் வீட்டிலிருந்து ஒரு தையல் மெஷின் கொண்டுவந்திருந்தார். ஹாலில் ஜன்னல் வெளிச்சம் விழும் ஒரே இடத்தில் தொட்டி உட்கார்ந்திருந்தது. மெஷின் நான்கு மாதமாக அவர்கள் அறையில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"தொட்டில யாராவது கை வெச்சீங்களா?"

"மீனே இல்லாத தொட்டில கை வெச்சு என்னத்தைப் பிடிக்கறது, ஜலதோஷத்தையா?" என்றான் அண்ணன்.

"தொடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கே" என்றார் அப்பா. "நான் படிக்கத் தெரிஞ்சவன்."

அண்ணி தண்ணீர்க் குவளையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், "உப்பு கொஞ்சம் குறைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

உப்பு குறைகிறது என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

"ஒண்ணும் ஆகாது" என்றேன். என்ன ஆகும் என்று சொன்னால் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அண்ணி தலையாட்டிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

தினமும் மாலை ஒரு குவளை அடர்த்தியான உப்புத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து, எண்ணை முப்பத்திநான்கில் பிடித்து வைத்தேன். ஓட்டை வாளியில் இறைக்கிற மாதிரிதான். இருபத்தொன்பதாம் நாள், கைக்குட்டை விழுந்து எடுக்கக் குனிந்தபோது தரையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. எங்கள் ஹாலில் கருஞ்சிவப்புத் தரை. புள்ளிகள் தொட்டியின் காலடியில் ஆரம்பித்து, ஓரடிக்கு ஒன்றாகப் பின்கட்டுக் கதவு நோக்கிப் போயின. விரலை நனைத்து ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

மறுநாள் ஸ்கேன் நிலையத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணிக்கே கிளம்பினேன். வாசல் கேட்டின் கொக்கியைச் சத்தமில்லாமல் தூக்கினேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி நுழைந்தேன். அப்பாவின் குறட்டை கேட்டது. அண்ணனின் அறைக் கதவு மூடியிருந்தது. நடையிலிருந்து ஹாலை எட்டிப் பார்த்தேன்.

அண்ணி தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் ஒரு சொம்பு. அதைப் பக்கவாட்டில் சாய்த்து, அலை எழாமல் தண்ணீர் மொண்டார். இன்னொரு கையில் வைத்திருந்த பாத்திரத்திலிருந்து குழாய்த் தண்ணீரை ஊற்றினார். ஊற்றும்போது குனிந்து, என் பென்சில் கோட்டுக்கு நேராக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கோட்டைத் தொட்டதும் நிறுத்தினார். என்னைவிட நன்றாக அளந்தார்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நான் கதவின் பின்னால் நின்றேன். துணி துவைக்கும் இடத்தில், சோப்புத்தூள் டப்பாக்களை ஒதுக்கி, அகலமான ஒரு கண்ணாடி ஜாடியை வெளியே எடுத்தார். பழைய தண்ணீரைப் பாதி கொட்டிவிட்டுச் சொம்பைச் சாய்த்தார்.

"இன்ஸ்பெக்டர் சார், தண்ணி மாத்தியாச்சு. நீங்க ரவுண்ட்ஸ் போகலாம்."

ஜாடிக்குள் அந்த நண்டு இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுக்கு வளர்ந்திருந்தது. கண்ணாடி ஓரமாகவே பக்கவாட்டில் நடந்து ஒரு சுற்றுப் போயிற்று. அண்ணி அவித்த முட்டையிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளிப் போட்டார். நண்டு அதைக் கொடுக்கால் வாங்கிக்கொண்டது.

"லஞ்சம் வாங்கினா கையெழுத்துப் போடணும்" என்று சொல்லி அண்ணி சிரித்தார். அவர் சிரிக்கும் சத்தத்தை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

வந்த வழியே வெளியே போய், பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வார்த்தை பேசாமலே இதைச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. முப்பத்தோராம் நாள் காலை இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீர் கலக்கி, முப்பத்தைந்து என்று அளந்து, பாட்டிலில் நிரப்பினேன். 'இதை ஊற்றவும்' என்று எழுதி ஒட்டினேன். பெயர் போடவில்லை. ஜாடிக்குப் பக்கத்தில், சோப்புத்தூள் டப்பாவின் பின்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுக்க எனக்கு என்னையே பிடித்திருந்தது.

மாலை வந்து பார்த்தபோது பாட்டில் மூடி திறக்கப்படாமல் இருந்தது. ஜாடியைக் காணவில்லை. அதைத் தேடியதில் அன்று தொட்டிக்கு உப்பு சேர்க்க மறந்துவிட்டேன்.

முப்பத்திரண்டாம் நாள் காலை துளியை விட்டுக் கண்ணை வைத்தேன். கோடு முப்பத்திமூன்றையும் தொடவில்லை. முப்பத்திரண்டரை.

அப்பா நடக்கப் போயிருந்தார். அண்ணன் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அண்ணி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்க நேரமில்லை.

"அண்ணி, நண்டு எங்க?"

"எந்த நண்டு?"

"இன்ஸ்பெக்டர்."

அலசிய துணி அப்படியே வாளியில் விழுந்தது. திரும்பி, பாட்டிலையும் என்னையும் பார்த்தார்.

"அப்ப ஒளிஞ்சு நின்னு பாத்திருக்க."

"நேத்து தொட்டிலேர்ந்து எவ்வளவு எடுத்தீங்க?"

"இந்தப் பாட்டில்ல என்ன கலந்திருக்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"உப்பு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"வெந்நீ ஊத்தச் சொன்னவதானே நீ? நாலு மாசமா மூஞ்சியப் பாத்துக்கூடப் பேசல. வாளில தொடாதேன்னு அட்டை. அப்பாவுக்கும் அண்ணனுக்குமா அந்த அட்டை? எனக்குத்தானே? திடீர்னு ஒரு நாள் பேர் போடாம சீட்டு ஒட்டி, பாட்டில்ல தண்ணி வெச்சா நான் என்ன நினைக்கறது? எலி மருந்தைக்கூட இப்படித்தான் வெப்பாங்க."

அட்டையை நான் அவருக்காக எழுதவில்லை. ஆனால் அதை இப்போது சொன்னால் பொய் மாதிரி இருக்கும். பாட்டிலைத் திறந்து, வாய் நிறைய ஊற்றி விழுங்கினேன்.

கடல்நீரைக் குடிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. தொண்டை சுருங்கி, கண்ணில் தண்ணீர் கொட்டி, மூக்கு வழியாகப் பாதி வெளியே வந்தது.

"ஐயோ, லூசு! துப்பு, துப்பு!" அண்ணி குழாயைத் திறந்து என் தலையைப் பிடித்துக் கீழே அமுக்கினார். முதுகில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார். "சொன்னா நம்பிட்டுப் போறேன். இதுக்குப் போய் குடிப்பாங்களா?"

"நம்பியிருக்க மாட்டீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்தான்" என்றார்.

துவைக்கும் கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எனக்கு இருமல் நிற்கவில்லை. இருமலுக்கு நடுவில் பண்ணை, மேலாளர், நாற்பத்தைந்து நாள், மூன்று பெருக்கல் குறி எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, உப்பு குறைஞ்சா என்ன ஆகும்னு கேட்டேனே. ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே."

"ஆமா."

"உப்புத் தண்ணிய எடுத்து நல்ல தண்ணிய ஊத்தறோமே, ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டுத்தான் கேட்டேன். நீ அப்படிச் சொன்னதுக்கப்புறம்தான் தைரியமா எடுத்தேன். நேத்து இந்தப் பாட்டிலப் பாத்ததும் பயந்துட்டேன். இனிமே தொட்டியப் பூட்டிடுவன்னு நினைச்சு ரெண்டு லிட்டர் மொண்டு பதுக்கி வெச்சேன். இன்ஸ்பெக்டர் தையல் மெஷின் பெட்டிக்குள்ள இருக்கார்."

"அதை ஏன் அண்ணி வெச்சுக்கிட்டீங்க?"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "உங்கண்ணன் தூங்கறார். அப்பா தூங்கறார். நீ வேலைக்குப் போயிடற. இந்த வீட்ல பகல்ல முழிச்சிருக்கறது நானும் அதுவும்தான்."

ஹாலுக்கு வந்தோம். நோட்டு திறந்தபடி இருந்தது. முப்பத்திரண்டாம் நாளுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது.

"முப்பத்திநாலுன்னு போட்டுடு" என்றார் அண்ணி. "யாருக்குத் தெரியப்போவுது? உனக்கும் எனக்கும்தானே."

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஒரே ஒரு எண். கருவியை அவரிடம் கொடுத்தேன். கண்ணை வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"முப்பத்திரண்டுக்கும் முப்பத்திமூணுக்கும் நடுவுல" என்றார், யாரோ இறந்துபோன செய்தியைச் சொல்கிற குரலில்.

32.5 என்று எழுதினேன். பெருக்கல் குறி போட்டேன். அண்ணி என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, குறிப்பு எழுதும் இடத்தில், உருண்டை உருண்டையான எழுத்தில் ஏதோ எழுதினார். எழுதி முடித்து ஊதினார், பேனா மை காயாதது போல.

மிச்சம் பதின்மூன்று நாளும் நோட்டை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. தொட்டிக்கு ஊற்றுவதோடு நண்டுக்கும் அரை லிட்டர் சேர்த்துக் கலக்கினேன். எண் முப்பத்தைந்தில் போய் நின்றது, அசையவில்லை.

நாற்பத்தாறாம் நாள் பண்ணைக்குப் போனேன். அண்ணியும் துணைக்கு வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "போ, நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

மேலாளர் நோட்டை முதலிலிருந்து புரட்டினார். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே வந்து, முப்பத்திரண்டாம் நாளில் நிறுத்தினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"'நேற்று இரண்டு லிட்டர் எடுத்தவள் நான்தான். நண்டுக்காக. பன்னிரண்டாம் நாளிலிருந்து தினமும் ஒரு சொம்பு எடுத்திருக்கிறேன். அரை லிட்டர் பிடிக்கும். இவளுக்குத் தெரியாது. இப்படிக்கு, அண்ணி.' இது யாரு எழுதினது? நீங்களே கையெழுத்தை மாத்தி எழுதினீங்களா?"

"இல்ல மேடம்."

"மூணு தப்பு ஆனா வர வேண்டாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

வழக்கம்போலத் தொண்டை அடைத்தது. கடல்நீரை விழுங்கியபோது இதைவிட மோசமாக அடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஐம்பது லிட்டர்ல தினம் அரை லிட்டர் எடுத்து நல்ல தண்ணி ஊத்தினா, ஒரு நாளைக்கு ஒரு சதவீதம் உப்பு குறையணும். பன்னிரண்டாம் நாள் முப்பத்தஞ்சு. ஆறு நாள் கழிச்சு முப்பத்திமூணு வரணும். வந்திருக்கு. மறுபடி முப்பத்தஞ்சுக்கு ஏத்தினேன். அதுலேர்ந்து ஆறு நாள், மறுபடி முப்பத்திமூணு. முப்பத்தோராம் நாள் முப்பத்திநாலுல இருந்தப்ப ரெண்டு லிட்டர் போயிருக்கு. நாலு சதவீதம். முப்பத்திரண்டரைக்குப் பக்கத்துல வரணும். போட்டுப் பாருங்க."

இவ்வளவையும் நான்தான் சொன்னேன். மேலாளர் இழுப்பறையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். பெருக்கினார். நோட்டைப் பார்த்தார். மறுபடியும் பெருக்கினார். பிறகு இடையில் இருந்த நாட்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எனக்குத் தெரிந்து பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு இடத்தில் நின்று, "இருபத்தெட்டாம் நாள் எண் கொஞ்சம் கூட இருக்கே?" என்றார்.

"அதுக்கு முந்தின நாள் அண்ணி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க. எடுக்கல."

"ம்" என்றார். கால்குலேட்டரை உள்ளே வைத்து இழுப்பறையைச் சாத்தினார். "எண்ணெல்லாம் நிஜம்தான். திங்கக்கிழமை வாங்க. முதல் மாசம் உப்பு பார்க்கிற வேலை மட்டும். நீங்க பார்த்த ஒவ்வொரு தொட்டியையும் நான் திரும்பப் பார்ப்பேன்."

"சரி மேடம்."

"அந்த நண்டு என் கேட்டுக்குள்ள வரக் கூடாது."

"சரி மேடம்."

வெளியே வந்தேன். அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்து என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டியதும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எத்தனை மணிக்கு வரணுமாம்?"

"கேக்கல."

"கேக்கலையா? உள்ள இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்த?"

"கணக்கு."

"நல்லா பண்ண" என்று என் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினார். "போ. கேட்டுட்டு வா. நான் வர மாட்டேன்."

கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து, "இன்னும் என்ன?" என்று குரல் வந்தது.